ஐம்பது வயதாகட்டும் என்றார்கள்

கணபதி என்கிற பகுதியில் பம்பு மோட்டாருக்குக் காயில் எனும் கம்பிச் சுருள் சுற்றித் தரும் சிறு பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படி ஒரு பட்டறையில் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து வேலை பார்த்துவந்தாள் ஷைலா. செம்புக் கம்பிச் சுருளை இரும்புக் காடிகளுக்குள் இறக்கி அடுக்குவதில் அவள் கைக்கு ஈடான கை அங்கே வேறு கிடையாது. வாயும் அப்படித்தான். "ஏனுங்க, ஃபேன் ஓடலீன்னா எங்க கையும் ஓடாதுங்க" என்று முதலாளியிடம் நேருக்கு நேராகச் சொல்லிவிடுவாள். வீட்டில் பயந்தவன் அவள் புருஷன் சைமன்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். குளியலறையில் பாம்பு புகுந்தபோதும், கடன்காரன் என்று எவனோ வீடு மாறி வந்து கத்தியபோதும் முன்னால் போய் நின்றவள் ஷைலா.

அப்படிப்பட்டவள் நாற்பத்து மூன்றாம் வயதில் பயந்துபோனாள். அந்தப் பயம் ஒரு நல்ல காரியத்தின் வழியாகத்தான் வந்தது.

பங்குத் திருவிழாவையொட்டி மாதா கோயில் மண்டபத்தில் ரத்ததான முகாம் நடத்தினார்கள். உடம்பில் ரத்தம் பத்தாது என்று பெண்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது, ஷைலாவின் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த பெண், "உங்களுக்கு நல்லாருக்குதுங்கக்கா, வந்து படுங்க" என்றாள். ஷைலாவுக்குப் பெருமை. வாசலில் தள்ளி நின்ற சைமனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். ஒரு பாக்கெட் ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து மகள் டீனாவிடம் கொடுத்தாள். டீனா பி.காம். கடைசி வருஷம். ஒரே பிள்ளை.

அடுத்த வாரம் பட்டறையில் இருக்கும்போது போன் வந்தது. ரத்த வங்கியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "ஒண்ணுமில்லீங்க, ஒரு விஷயம் சொல்லோணும். நேர்ல வந்தீங்கன்னா நல்லாருக்கும்."

ஒன்றுமில்லை என்றால் எதற்கு நேரில் வரச் சொல்கிறார்கள்? அன்று பொழுதோட, வேலை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் போனாள். சின்ன அறை. அந்தப் பெண் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். ஷைலா உட்காராமல் நின்றாள்.

"உங்க ரத்தத்துல ஹெப்படைட்டிஸ் பி கிருமி இருக்குதுங்கக்கா. நீங்க குடுத்த ரத்தத்த யாருக்கும் ஏத்த மாட்டோம். நீங்க ஒரு லிவர் டாக்டரப் பாத்துருங்க."

"எய்ட்ஸுங்களா?"

"இல்லவே இல்லீங்க. அது வேற. இது ஈரலுக்குப் போற கிருமி. தொட்டா ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாக்கூட ஒட்டாது. ரத்தத்தாலயும், புருஷன் பொண்டாட்டி சேர்றதாலயும்தான் பரவும். நம்ம பக்கம் நெறையப் பேருக்கு அம்மாகிட்டயிருந்து, பொறக்கறப்பவே வந்திருக்கும். தெரியாமயே இருப்பாங்க."

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். ஷைலாவின் காதில் ஒட்டியது ஒரே ஒரு சொல். ஈரல்.

ஈரல் கெட்டுப் போகிற ஓர் ஆளை ஷைலா பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அவளுடைய அண்ணன் சின்னப்பராஜ். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறையில் வேலை. நாற்பத்தொரு வயதில், முதலில் சாப்பாடு வேண்டாம் என்றான். பிறகு கண் மஞ்சளானது. கை கால் குச்சியாக இளைத்து வயிறு மட்டும் நிறைமாதக்காரியைப் போல உப்பியது. ஆஸ்பத்திரியில் வயிற்றிலிருந்து நீரை எடுத்துவிட்டு அனுப்பினால், ஒரே வாரத்தில் மறுபடியும் உப்பும். பார்த்த டாக்டர்களெல்லாம் முதலில் கேட்டது, "எவ்வளவு குடிப்பே?" சின்னப்பராஜ் இல்லை என்பான். அவர்கள் அவன் மனைவி ரூபினாவைப் பார்ப்பார்கள். கடைசியில் ரத்தமாக வாந்தியெடுத்துப் போய்ச் சேர்ந்தான். 'குடிச்சே ஈரல அழிச்சுக்கிட்டான்' என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதைத் தங்கையும் நம்பினாள். குடிக்காதவனுக்கு எதற்கு ஈரல் கெடப்போகிறது?

இப்போது அவளுக்கே ஈரலில் கிருமி. அவள் வாயில் ஒரு சொட்டு பட்டதில்லை.

வீட்டில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தனக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி, ஜன்னல் மேட்டில் கவிழ்த்து வைத்தாள். துண்டைத் தனியாகக் காயப்போட்டாள். சமையலில் உப்புப் பார்ப்பதை நிறுத்திவிட்டதால் குழம்பு சில நாள் கரித்தது, சில நாள் சப்பென்று இருந்தது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வெள்ளையாக இருந்தால் அந்தக் காலைப்பொழுது போகும். சேலை கட்டும்போது இடுப்புக் கொசுவம் நேற்றைவிட இறுக்கமா என்று தோன்றினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் பட்டறையில் கம்பி விரலைக் கிழித்துவிட்டது. காயில் சுற்றுகிறவர்களுக்கு அது தினமும் நடப்பதுதான். சேலை முந்தியில் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஷைலா சிலையாக நின்றுவிட்டாள். காயில் இறக்கும் ஸ்டேட்டர் வளையத்தின் விளிம்பில் இரண்டு சொட்டு ரத்தம். பக்கத்தில் வேலை செய்யும் பெண் ஒரு துணியை எடுத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"தொடாத!" என்று ஷைலா கத்திய கத்தலில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

அவளே அழுந்த அழுந்தத் துடைத்தாள். துடைத்த துணியைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் பாதி நாளிலேயே கிளம்பினாள். இதற்கு மேல் தாங்காது என்று அன்றைக்குத்தான் சைமனிடம் சொன்னாள். அவன் அவள் விரல் காயத்தைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம் புள்ள. டீனாவுக்கு இப்பச் சொல்ல வேண்டாம், பரீட்சை இருக்குது" என்றான்.

நகரத்தில் பேர்பெற்ற ஒரு கிளினிக். ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வந்த பிறகு டாக்டரைப் பார்த்தார்கள். நிதானமாகப் பேசுகிறவர். நல்ல மனிதர் என்றே ஷைலாவுக்குத் தோன்றியது.

"பயப்பட வேண்டாம்மா. கிருமி இருக்கு, ஆனா எண்ணிக்கை கம்மி. ரத்தத்துல ஈரல் என்சைம் அளவும் நாற்பதுக்குள்ளதான் இருக்கு, நார்மல். தூங்கற கிருமின்னு வச்சுக்கோங்க. வருஷம் ஒருதடவை வந்து ரத்தம் பாத்தாப் போதும். வீட்ல யாருக்காவது ஈரல்ல கேன்சர் இருந்துச்சா?"

"கேன்சர்னு தெரியலீங்க. எங்கண்ணன் ஈரல் கெட்டுத்தான் போனாருங்க."

"குடிப்பாரா?"

"இல்லீங்க." சொன்ன பிறகுதான், இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்குத் தான் இப்படிப் பதில் சொல்வது இதுதான் முதல்தடவை என்று ஷைலாவுக்கு உறைத்தது.

"வீடு எந்தப் பக்கம் அவருக்கு?"

பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிற காலனியின் பேரைச் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் முகத்தில் வருகிற ஒரு சின்ன மாற்றம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். டாக்டர் முகத்திலும் அது வந்து போனது.

"தங்கச்சிகிட்டச் சொல்லிட்டா குடிப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "அது குடியால வந்ததா இருக்கும். அதக் கணக்குல எடுக்க முடியாதும்மா."

"ஸ்கேன் எதும் பாக்கோணுங்களா?" என்று சைமன் கேட்டான்.

"இப்பத் தேவையில்ல. ஆசியாக்காரப் பெண்களுக்கு ஐம்பது வயசுக்கு மேலதான் ஸ்கேன்னு உலக அளவுல ஒரு வழிமுறை இருக்கு. ஐம்பது வயசாகட்டும், பாக்கலாம்."

வெளியே வந்ததும் சைமன் கும்பிடு போடாத குறையாகச் சந்தோஷப்பட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். ஷைலாவுக்கும் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அண்ணன் நாற்பத்தொன்றில் போனான். அம்மா இருதயம்மாள் முப்பத்தெட்டில் போனாள், ஷைலா அப்போது ஆறாம் வகுப்பு. அம்மாவுக்கும் வயிறுதான் உப்பியது. மகோதரம் என்றார்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். குடித்தாள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மாவின் வயிற்றையும் அண்ணனின் வயிற்றையும் இதுவரை அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

இந்த வீட்டில் ஐம்பதைப் பார்த்தவர்கள் யார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, ரூபினாவைப் பார்க்கப் போனாள். அண்ணி இப்போது இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஷைலா வந்த முகத்தைப் பார்த்ததும் அதை நிறுத்தினாள்.

"ஏன் அம்மணி, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது?"

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அண்ணன் குடிச்சுதா?"

ரூபினா மாவுக் கையைக் கழுவவும் மறந்து அப்படியே உட்கார்ந்தாள்.

"நானும் அதத்தான் தேடுனேன். வேலைக்குப் போய்ட்டு வந்தா வாய ஊதச் சொல்லுவேன். டூல்ஸ் பெட்டியக் கொட்டிப் பாப்பேன். லேத்துப் பட்டறைக்கே போய்ச் சண்டை போட்டேன். ஒருநாளும் ஒரு நாத்தம் வந்ததில்ல. பைபிள் மேல சத்தியம் வாங்குனேன், பண்ணுனாரு. அப்பவும் நம்பலையே நானு. டாக்டரே சொல்றாரு, படிச்சவங்க பொய்யா சொல்லுவாங்கன்னு நெனச்சேன். கடைசில, 'குடிகாரனுக்குப் பீ மூத்திரம் அள்ளறதுதான் எந்தலையெழுத்தா'ன்னு அவரு காதுபடச் சொல்லிப்போட்டேன் ஷைலா."

ஷைலா அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் ரத்தத்தில் இருப்பதைச் சொன்னாள். ரூபினாவின் முகம் மாறியது.

"அப்ப இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். சாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்தாங்க. ஈரல்ல எலுமிச்சங்காயத் தாண்டி ஒரு கட்டி இருக்குது, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னாங்க. உங்க யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு அவருதான் சொன்னாரு. 'புத்துநோய்க் குடும்பம்னு பேரு வந்தா டீனாவ நாளைக்கு எவன் கட்டுவான், நம்ம புள்ளைகள எவன் கட்டுவான், குடின்னே இருக்கட்டும்'னாரு."

கிரைண்டரில் மாவு பாதி அரைபட்டபடி நின்றிருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. செய்யாத குற்றத்தை ஒரு மனிதன் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அந்தக் குற்றம்தான் இப்போது டாக்டரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு, ஸ்கேன் வேண்டாம் என்கிறது. அண்ணனுக்காக அழுகை வருமுன் ஷைலாவின் கை தன் வலது விலாவைத் தொட்டுப் பார்த்தது. கட்டி என்றால் தனக்கும் இந்நேரம்?

பட்டறையில் ஒருத்தி சொல்லி, வேறோர் ஆஸ்பத்திரியில் சைத்ரா என்ற டாக்டரம்மாவிடம் போனார்கள். சின்ன வயது. ஷைலா உட்கார்ந்ததும் மனப்பாடம் செய்துவைத்திருந்ததைப் படபடவென்று ஒப்பித்தாள்: அம்மா, வயிறு, முப்பத்தெட்டு வயது, அண்ணன், வயிறு, கட்டி, நாற்பத்தொன்று. "அண்ணன் குடிக்கலீங்க. நெசமாலுமே குடிக்கலீங்க. நீங்க நம்பலீன்னா அண்ணியக் கூட்டியாறேன். ஸ்கேன் காயிதம் கரையான் தின்னுபோச்சுங்க."

"எதுக்குங்க அண்ணியக் கூட்டியாரணும்? நீங்க சொன்னாப் போதாதா?" என்றாள் சைத்ரா.

நம்புகிறேன் என்று ஒருவர் சொன்னதே ஷைலாவுக்கு அழுகையை வரவழைத்தது. சைத்ரா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தாள்.

"இந்த ஈரல் என்சைம் அளவு நாப்பது வரைக்கும் நார்மல்னு லேப்ல அடிச்சுக் குடுத்திருக்காங்க. பொம்பளைங்களுக்கு அதவிடக் கம்மியா இருக்கோணும். உங்களுக்கு முப்பத்தாறு. கொஞ்சம் எச்சுதானுங்கக்கா."

"அம்பது வயசாகட்டும்னாங்களே?"

"அந்த வழிமுறை இருக்குது. ஆப்பிரிக்காக்காரங்கன்னா இருபது, ஆசியாக்கார ஆம்பளைன்னா நாப்பது, பொம்பளைன்னா அம்பது. ஆசியான்னு எழுதியிருக்காங்களே தவிர, பெரும்பாலும் சீனா, தைவான் பக்கத்து ஆளுகள எண்ணிப் பாத்து வந்த கணக்குங்க அது. நம்ம ஆளுகள யாரும் அவ்வளவா எண்ணலை. ஆனா குடும்பத்துல ஒருத்தருக்குக் கட்டி இருந்திருந்தா வயசே பாக்கக் கூடாதுன்னும் அதுலயே இருக்குது. உங்க அண்ணனக் குடின்னு தள்ளுனதால அந்த வரி உங்களுக்கு இல்லாமப் போயிருச்சு."

கட்டி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு சத்து இருக்கிறதாம். அதைச் சோதிக்க ரத்தம் எடுத்தார்கள். அது கொஞ்சமே கொஞ்சம் கூடியிருந்தது, பயப்படும்படி இல்லை. சைமனுக்கு மூச்சு வந்தது. சைத்ரா தலையாட்டவில்லை. "இது ஏறாமயே கட்டி இருக்கறதும் உண்டு. ஸ்கேன் பாத்துருவோம்."

ஸ்கேன் அறை சில்லென்று இருந்தது. வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்திக்கொண்டே, ஸ்கேன் எடுக்கும் பெண் டீனாவின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். வலது விலாவுக்குக் கீழே வந்ததும் பேச்சு நின்றது. "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றாள். "விடுங்க." மறுபடியும் அதே இடம். "இழுத்துப் புடிங்க." ஷைலா திரையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"ஏனுங் கண்ணு, இருக்குதா?"

"டாக்டர் சொல்லுவாங்க அக்கா" என்றாள் அந்தப் பெண். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

சி.டி. ஸ்கேனும் எடுத்து முடிவு சொல்லும்வரை இருந்த நாட்களை ஷைலா பிற்பாடு யாரிடமும் விவரித்ததில்லை. சைமன் மட்டும் சொல்வான். "வீட்ல எல்லாத்தையும் எடுத்து எடுத்து வச்சுட்டு இருந்தா. மசால் டப்பாவுக்கெல்லாம் சீட்டு ஒட்டுனா. எது எங்கிருக்குதுன்னு டீனாவுக்குக் காட்டுனா. எதுக்குன்னு கேக்க எனக்குத் தைரியமில்ல."

கட்டிதான். சின்ன நெல்லிக்காய் அளவு. ஒன்றே ஒன்று, வேறெங்கும் பரவவில்லை. "ஊசிய உள்ளவிட்டுச் சூடு வச்சுக் கருக்கிரலாம். வயித்தக் கிழிக்க வேண்டியதில்ல" என்றாள் சைத்ரா. "கிருமிக்குத் தினமும் ஒரு மாத்திரை, அத நிறுத்தவே கூடாது. ஏழு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா என்கிட்டச் சொல்றதுக்கு எதுவும் இருந்திருக்காது."

ஊசிச் சிகிச்சை முடிந்தது. இரண்டு நாள் காய்ச்சல், தோள்பட்டை வரை இழுக்கிற வலி. பிறகு எழுந்து நடந்தாள். அம்மாவின் ஈரலில் சின்னக் கட்டி, கருக்கிவிட்டார்கள் என்ற அளவில் டீனாவிடம் சொன்னார்கள். டீனா அழுதாள், பக்கத்தில் இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அம்மா தனி டம்ளரை எடுத்தபோதெல்லாம் திட்டினாள்.

சைமனுக்கும் ரத்தம் பார்த்தார்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு குவார்ட்டர் போடுகிறவன் அவன். கிருமியும் இல்லை, ஈரலிலும் பழுதில்லை. "நீங்க குடிச்சுட்டு நல்லாருக்கீங்க, எங்கண்ணன் குடிக்காமச் செத்துச்சு" என்றாள் ஷைலா. சைமனுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டார்கள். ரூபினாவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பார்த்ததில் கிருமி இல்லை.

பாக்கி இருந்தது டீனா ஒருத்திதான்.

"மகளக் கூட்டிட்டு வந்தீங்களாக்கா?" ஒவ்வொரு தடவையும் சைத்ரா கேட்பாள். பரீட்சை இருக்கிறது என்பாள் ஷைலா. அடுத்த தடவை, காய்ச்சல் என்பாள். பரீட்சை முடிந்து விடுமுறையும் விட்டாயிற்று. சொந்த வயிற்றில் ஊசி இறக்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு, மகளிடம் 'வா, ரத்தம் பாக்கலாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்காதவரை டீனாவுக்கு ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டால்? தன் வயிற்றில் ஒன்பது மாதம் சுமந்து, பெற்று, ரத்தத்தோடு கையில் வாங்கிய அந்த நாளிலேயே அதைக் கொடுத்துவிட்டோமா என்ற எண்ணம் வந்ததும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எங்காவது எழுந்து போய்விடுவாள். டீனா பிறந்தபோது, குழந்தைக்கு அன்றைக்கே தடுப்பூசி போடும் பழக்கம் வந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால்தானே கேட்டிருக்க முடியும்?

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சின்னப்பராஜின் கல்லறைக்கு எல்லோரும் போனார்கள். ரூபினா புல்லைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தாள். பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்த ஒரு பெரியம்மா, "பாவம், நல்ல வேலைக்காரன். குடிதான் கெடுத்துப்போட்டுது" என்றாள், துக்கம் விசாரிப்பதைப் போல.

ரூபினா நிமிர்ந்தாள். சாதாரணமாக வாய் திறக்காதவள். குரல் நடுங்கினாலும் நாலு கல்லறைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவரு குடிக்கலீங்க. ஒருநாளும் குடிச்சதில்ல. கிருமியால ஈரல்ல கட்டி வந்து போனாரு. அவங்கம்மாகிட்டயிருந்து வந்த கிருமி. பெத்தவ ரத்தத்துல இருந்தாப் புள்ளைகளுக்கு வருமாமா. ஷைலாவுக்கும் அப்படித்தான் வந்துச்சு. இனிமே எம்புருஷனக் குடிகாரன்னு யாரும் சொல்லக் கூடாதுங்க."

பெரியம்மா மெழுகுவத்தியோடு நின்றுவிட்டாள். "தெரியாமச் சொல்லிப்போட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு, தன் கையிலிருந்த மெழுகுவத்தி ஒன்றைச் சின்னப்பராஜின் கல்லறையிலும் ஏற்றி வைத்தாள். ரூபினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஷைலா அவளைப் பார்க்கவில்லை. எதிரில் நின்ற டீனாவைப் பார்த்தாள். டீனா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கும்மா?"

ஷைலா மகளின் கையைப் பிடித்தாள்.

"இத்தன நாளா உனக்குத் தெரியுமா?"

"பயமா இருந்துச்சு கண்ணு."

"எனக்குப் பயமிருக்காதா?" என்றாள் டீனா. மறுநாள் காலையில் அவளே கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

முடிவு வந்த அன்றைக்கு அம்மாவும் மகளும் மட்டும் போனார்கள். சைத்ரா சுற்றி வளைக்கவில்லை. டீனாவுக்கும் கிருமி இருக்கிறது. எண்ணிக்கை நடுத்தரம். ஈரல் சுத்தமாக இருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருதடவை ரத்தமும் ஸ்கேனும் தவறக் கூடாது.

"எனக்கு அம்பது ஆகற வரைக்கும் காத்திருக்க வேண்டாங்களா?" என்று டீனா கேட்டாள்.

"ஒருநாளும் வேண்டாம். உங்க பாட்டி, மாமா, அம்மா மூணு பேரையும் உன்னோட பேருக்கு நேரா எழுதிட்டேன். கல்யாணம் பண்ணிக்கலாம், புள்ள பெத்துக்கலாம். கட்டிக்கறவருக்கு முன்னாடியே ஊசி போட்டுரலாம். பொறக்கற புள்ளைக்குப் பொறந்த அன்னிக்கே ரெண்டு ஊசி போட்டா, பெரும்பாலும் தடுத்துரலாம்."

டீனா தலையை ஆட்டினாள். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள், பரோட்டா சாப்பிடலாமா என்பது வரைக்கும். வெளியே வந்து பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவள் பேச்சு நின்றது. ஷைலா பக்கத்தில் உட்கார்ந்து, திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. லட்சுமி மில்ஸ் தாண்டியது. காந்திபுரம் வந்து, கூட்டம் ஏறியது.

"மாமாவுக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடத்தான் ஷைலாவின் வாய் திறந்தது. ஆனால் இந்த வீட்டில் இனிமேல் எதையும் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"வலிச்சுது கண்ணு. கடைசி மாசம் ரொம்ப வலிச்சுது."

"உனக்கு?"

"எனக்கு வலிக்கல. வலி வர்றதுக்கு முந்தியே பாத்துட்டாங்க."

டீனா ஜன்னலிலிருந்து திரும்பினாள். பிறகு, "உனக்கு அடுத்த ஸ்கேன் எப்போ?" என்று கேட்டாள்.

"பிப்ரவரி."

"நானும் வாரேன்" என்றாள். கண்டக்டர் கணபதி என்று குரல் கொடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீனா முன்னால் போனாள். ஷைலா அவள் பின்னாலேயே இறங்கினாள்.